குறைந்த முதலில் ஓர் அறிவியல் திகிற்படம்

திரைப்படம் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது பணத்தைப் பற்றிய எண்ணமே ஆகும். அதிலும் அறிவியற் கற்பனைப் படம் என்றால் விண்கலமும் வேற்றுலக உயிரும் கண்ணைப் பறிக்கும் காட்சிகளும் வேண்டும். அவற்றிற்குக் கோடிகள் வேண்டும் என்பது பொதுவான கருத்து. குறும்படம் எடுக்கும் ஆர்வமுடைய மாணவர் சிலர் நம்மை அணுகி, "கதை இருக்கிறது ஐயா, காசுதான் இல்லை" என்று சொல்வதுண்டு. அவர்களுக்கு நாம் எடுத்துக்காட்டுவது ஒரே ஒரு படத்தைத்தான். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் கறுப்பு வெள்ளைப் படமே அது. இறந்தோர் எழுந்து நடமாடும் இரவு எனத் தமிழில் அதனைச் சுட்டலாம்.

இப்படம் எல்லார்க்கும் உரியதன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றோம். சிறுவர் காணத்தக்கதன்று, மெல்லிய மனம் உடையோரும் தவிர்க்கலாம். ஆயினும் கையில் இருப்பதைக் கொண்டு ஒரு படைப்பை எவ்வாறு ஆக்குவது, ஆக்கியதை எவ்வாறு இழப்பது என்னும் இரண்டையும் இதுபோல் கற்பிக்கும் படம் வேறொன்றை நாம் அறியோம்.

அக்காலத்தில் பிட்ஸ்பர்க் நகரம் எஃகு ஆலைகளுக்குப் பெயர் பெற்றிருந்ததே அன்றித் திரைத்தொழிலுக்கு அன்று. அங்குக் கல்வி பயில வந்த ஜார்ஜ் ரொமேரோ என்னும் இளைஞர், நண்பர்களுடன் சேர்ந்து 'லேட்டன்ட் இமேஜ்' என்றொரு சிறு நிறுவனத்தை நடத்திவந்தார். தொலைக்காட்சி விளம்பரங்களும் சிறு தொழிற்படங்களும் எடுப்பதே அவர்தம் பிழைப்பு. குழந்தைகளுக்கான புகழ்பெற்ற 'மிஸ்டர் ரோஜர்ஸ்' நிகழ்ச்சிக்கும் சிறு படத்துண்டுகள் எடுத்துக் கொடுத்திருக்கின்றார். விளம்பரம் எடுத்து எடுத்துச் சலித்துப்போன அக்குழுவினர், முழுநீளப் படம் ஒன்றை எடுத்தே தீர்வது என்று முடிவு செய்தனர். திகிற்படத்தைத் தேர்ந்தமைக்குப் பெரிய கலைக் காரணம் ஏதும் இல்லை. புகழ்பெற்ற நடிகர் இல்லாமலும் விலைபோகக் கூடியது திகிற்படம் ஒன்றே என்பதுதான் காரணம்.

பத்துப் பேர் கூடினர். தலைக்கு 600 டாலர் போட்டனர். ஆக 6,000 டாலர் சேர்ந்தது. பத்துப்பேர் கூடியதால் தம் அமைப்பிற்கு 'இமேஜ் டென்' என்று பெயரும் இட்டனர். இத்தொகை போதாது என்பது விரைவிலேயே விளங்கிற்று. எடுத்த காட்சிகளைக் காட்டித் தெரிந்தவரிடமெல்லாம் பங்கு கேட்டனர். இறுதியில் படத்திற்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர் ஆயிற்று. அதே 1968இல் வெளிவந்த '2001 : எ ஸ்பேஸ் ஒடிஸி' என்னும் விண்வெளிப் படத்திற்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும். அதனொடு ஒப்பிட இது நூற்றில் ஒரு பங்களவே.

இனிக் கதையைச் சுருக்கமாகக் காண்போம். தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வந்த அண்ணனும் தங்கையும் ஒரு மனிதனால் தாக்கப்படுகின்றனர். அண்ணன் மாள, தங்கை ஓடிச்சென்று ஆளரவமற்ற பண்ணை வீடொன்றில் புகுகின்றாள். அங்கு வேறு ஆறுபேர் வந்து சேர்கின்றனர். அவர்களுட் சிலர் முன்பே நிலவறையில் ஒளிந்திருந்தோர். வெளியே நடப்பவை இறந்த உடல்கள். அவை உயிருள்ளோரைத் தின்ன வருகின்றன. விடியும்வரை அவ்வீட்டைக் காப்பதே கதை. ரிச்சர்ட் மாத்தசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' என்னும் நாவலே தமக்குத் தூண்டுதலாய் அமைந்தது என்று ரொமேரோ வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுள்ளார். திரைக்கதையை அவரும் ஜான் ருஸ்ஸோவும் எழுதினர்.

இதில் அறிவியல் எங்கே என்று கேட்கலாம். வெள்ளிக் கோளை நோக்கிச் சென்று திரும்பிய ஆய்வுக்கலம் ஒன்று இனந்தெரியாத கதிர்வீச்சைச் சுமந்துவந்தது. அதனை வானிலேயே வெடிக்கச் செய்தனர். அக்கதிர்வீச்சால் இறந்தோரின் மூளை மீண்டும் இயங்குகின்றது என்பது படத்தில் சொல்லப்படும் விளக்கம். இது வெறுங்கற்பனை எனினும் காலத்தோடு ஒட்டிய கற்பனை. 1962இல் 'மரைனர் 2' வெள்ளிக்கு அருகே பறந்தது. இப்படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1967 அக்டோபரிலேயே சோவியத்தின் 'வெனீரா 4' வெள்ளியின் காற்றுமண்டலத்தினுள் புகுந்து செய்தி அனுப்பிற்று. செய்தித்தாளில் நாள்தோறும் படித்த ஒன்றைக் கதையின் வித்தாக ஊன்றியமையால் பார்ப்போர் அதனை எளிதில் ஏற்றனர்.

நாம் வியப்பது அவ்விளக்கத்தை அன்று. அதனைச் சொன்ன வழியையே. விண்கலத்தைக் காட்டப் பணம் இல்லை. வெடிப்பைக் காட்டவும் இல்லை. ஆகவே வீட்டினுள் ஒரு வானொலிப்பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வைத்தனர். நாடெங்கும் நிகழும் பேரழிவு முழுவதும் செய்தி வாசிப்பவரின் குரல் வழியாகவே வந்து சேர்கின்றது. மாந்தர் அச்செய்தியைக் கேட்கும் முகபாவமே காட்சி. வாசிங்டனில் அறிவியலறிஞரும் படைத்தலைவரும் நடந்துகொண்டே செய்தியாளர்க்கு விடை சொல்லும் ஒரு காட்சியை மட்டும் அந்நகருக்கே சென்று எடுத்தனர். அதில் செய்தியாளருள் ஒருவராக ரொமேரோவே தோன்றுகின்றார். பிட்ஸ்பர்க் தொலைக்காட்சியில் உண்மையாகவே பணிபுரிந்த பில் கார்டில் என்பவர் செய்தியாளராகவே நடித்தார். உள்ளூர் மக்களுக்கு அவர் முகம் பழகிய முகம். பழகிய முகம் பொய்யான செய்தியைச் சொல்லும்போது அது மெய்போல் ஒலித்திருக்கும் அன்றோ?

படப்பிடிப்பிற்கு வீடு கிடைத்த கதையும் சுவையானது. பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க்கிற்கு வடக்கே எவன்ஸ் சிட்டி என்னும் சிற்றூர்ப் பக்கத்தில் இடிப்பதற்காக விடப்பட்டிருந்த பண்ணை வீடொன்றை வாடகைக்குப் பிடித்தனர். இடிபடப்போகும் வீடு ஆதலின் சன்னலை உடைக்கலாம், சுவரில் ஆணி அறையலாம், கதவைப் பெயர்த்துப் பலகையாக்கலாம், கேட்பார் இல்லை. நல்ல வீடு கிடைத்திருப்பின் இப்படம் எடுத்திருக்கவே இயலாது. குழாய் நீர் இல்லை. வெளியிலிருந்து சுமந்து வந்தனர். குழுவினரிற் சிலர் இரவு அங்கேயே தங்கினர். அறைகலன்களைப் பழைய பொருள் விற்கும் இடங்களில் திரட்டினர். கதைக்குத் தேவையான நிலவறை அவ்வீட்டில் சரியாக அமையாமையால், அக்காட்சிகளை மட்டும் நகரில் தம் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எடுத்து ஒட்டினர். படியில் இறங்குவது ஓரிடம், சென்று சேர்வது பல கல் தொலைவில் வேறோரிடம். பார்ப்போர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. 1967 கோடையில் தொடங்கிய படப்பிடிப்பு, விளம்பரப் பணி வந்தபோதெல்லாம் நின்று நின்று குளிர்காலம் வரை நீண்டது.

ஒருவர் ஒரு வேலையை மட்டும் செய்ததாக இப்படத்தில் யாரையும் காட்டல் அரிது. தயாரிப்பாளர் ரஸ்ஸல் ஸ்ட்ரைனரே தொடக்கத்தில் மாளும் அண்ணனாக நடித்தார். ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்த கார்ல் ஹார்ட்மன் மற்றொரு தயாரிப்பாளர், அவரே நிலவறையில் ஒளியும் குடும்பத் தலைவராக நடித்தார், மின்னணு ஒலிகளை அமைத்தார், ஒப்பனையிலும் கைகொடுத்தார், படத்தின் இறுதியில் வரும் நிழற்படங்களையும் எடுத்தார். படத்தில் அவர் மகளாக வரும் சிறுமி கைரா ஷோன் அவருடைய சொந்த மகளே. மனைவியாக நடித்த மேரிலின் ஈஸ்ட்மன் அவருடைய தொழிற்கூட்டாளி. பிணங்களின் ஒப்பனை பெரும்பாலும் அவர் கைவண்ணம். இயக்குநரோ ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் தாமே பார்த்துக்கொண்டார். நடமாடும் பிணங்களாக வந்தோர் நண்பர்கள், உறவினர், அக்கம்பக்கத்தார், விளம்பரம் கொடுக்கும் வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளரைப் பிணமாக்கி நடிக்கவைத்த நிறுவனம் உலகில் வேறெதுவும் உண்டோ என நாம் அறியோம்!

கறுப்பு வெள்ளைப் படச்சுருள் வண்ணத்தைவிட மலிவு. ஆனால் அம்மலிவு வேறொரு நன்மையையும் தந்தது. கறுப்பு வெள்ளையில் குருதியின் நிறம் தெரியாது; அடர்த்திதான் தெரியும். ஆகவே பாலில் கலந்து குடிக்கும் 'போஸ்கோ' என்னும் சாக்லேட் பாகையே குருதியாகப் பயன்படுத்தினர். பங்குதாரர்களுள் ஒருவர் இறைச்சித் தொழிலில் இருந்தார். பார்ப்போர் முகஞ்சுளிக்கும் காட்சிக்கு வேண்டிய விலங்குக் குடலை அவர் கொண்டுவந்து கொடுத்தார். அக்காட்சி மிகைதான் என்பது நம் கருத்து. அதனை நாம் போற்றவில்லை. இசைக்குத் தனி இசையமைப்பாளர் இல்லை. இசைநூலகத்தில் விலைக்குக் கிடைக்கும் ஆயத்த இசைத் துண்டுகளை வாங்கி, அவற்றை ஹார்ட்மன் மின்னணுக் கருவிகளால் திரித்து அமைத்தார். அவ்விசையிற் சில முன்பே 1959இல் வந்த ஒரு மலிவான விண்வெளிப் படத்தில் ஒலித்தவை.

இடையூற்றையே கதையாக்கிய ஒரு நிகழ்ச்சியை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அண்ணனும் தங்கையும் வந்த மகிழுந்து ஸ்ட்ரைனரின் தாயாருடையது. படப்பிடிப்பின் இடைநாளில் அது எங்கோ மோதுண்டு பக்கவாட்டில் நசுங்கிவிட்டது. சீர்செய்யும் வரை காத்திருக்க இயலாது. வேறு வண்டிக்கும் வழியில்லை. உடனே, தப்பி ஓடும் தங்கை வண்டியை மரத்தில் உரசி நிறுத்துவதாகக் கதையைத் திருத்தினர். நசுங்கல் நியாயமாயிற்று, தங்கை வண்டியை விட்டிறங்கி ஓடுதற்குக் காரணமும் கிடைத்தது. எழுதி வைத்த கதையைவிட இது சிறந்தது என்றே தோன்றுகின்றது.

இவையெல்லாம் சிக்கனத்தின் திறம். எனினும் சிக்கனத்தால் மட்டும் ஒரு படம் அரை நூற்றாண்டு நிலைப்பதில்லை. இப்படத்தின் உயிர் வீட்டிற்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கின்றது. பென் என்னும் கதைத்தலைவன், மேல்தளத்தில் நின்று சன்னல்களை அடைத்துப் போராடவேண்டும் என்கின்றான். குடும்பத்தலைவராகிய ஹாரியோ நிலவறையிற் புகுந்து தாழிட்டுக்கொள்வதே பாதுகாப்பு என்கின்றார். இருவர்க்கும் இடையே வாய்ச்சண்டை மூள்கின்றது, கைகலப்பாகின்றது, முடிவில் துப்பாக்கி வெடிக்கின்றது. ஒன்றுபட்டிருந்தால் எழுவரும் பிழைத்திருக்கலாம். பென்னின் வீரத்தை நாம் மெச்சுகின்றோம். ஹாரியின் கோழைத்தனத்தை வெறுக்கின்றோம். ஆனால் இறுதியில் வீடு முழுதும் வீழ்ந்தபின், பென் உயிர்தப்புவது ஹாரி சொன்ன அதே நிலவறையில் தாழிட்டுக்கொண்டுதான்! நல்லவன் சொன்ன வழி தவறாகவும் தீயவன் சொன்ன வழி சரியாகவும் முடிகின்றது. பார்ப்போரை உறங்கவிடாத இம்முடிச்சுக்கு ஒரு காசும் செலவில்லை.

நடமாடும் பிணங்களும் அவ்வாறே. அவை மெல்ல நடக்கின்றன, அவ்வளவே. கொம்பும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. அண்டைவீட்டார் முகமே அவற்றின் முகம். படத்தில் 'ஜோம்பி' என்னும் சொல் ஒருமுறைகூட வருவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆயினும் அச்சொல்லுக்கு இன்று உலகம் கொள்ளும் பொருள் பெரிதும் இப்படம் தந்ததே.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். எழுத்தில் அப்பாத்திரத்தின் இனம் குறிக்கப்படவில்லை. நடிப்புத் தேர்வில் அவரே சிறந்து விளங்கியதால் அவரைத் தேர்ந்ததாகவே படக்குழுவினர் எக்காலும் கூறிவந்தனர். முதலில் அப்பாத்திரம் முரட்டுப் பேச்சுடைய வண்டியோட்டியாக எழுதப்பட்டிருந்தது. கல்வியறிவு மிக்க ஜோன்ஸ் அம்மொழியை ஏற்காமல் தம் உரையாடலைத் தாமே செப்பம் செய்தார். பின்னாளில் அவர் கல்லூரிகளில் இலக்கியமும் நாடகமும் கற்பித்தார்; 1988இல் மறைந்தார். கறுப்பின மனிதர் ஒருவர் வெள்ளையர் நடுவே தலைமை தாங்கி நிற்பதும், அதுபற்றிப் படத்தில் ஒருவரும் ஒருசொல் கூறாதிருப்பதும் அந்நாளில் அரியவை.

இரவெல்லாம் தப்பிய பென், விடியலில் மனிதக்குரல் கேட்டு நிலவறையிலிருந்து மேலே வருகின்றான். பிணங்களை வேட்டையாடி வரும் ஊர்க்காவற் கூட்டம் அவனையும் பிணமென்று கருதிச் சுட்டு வீழ்த்துகின்றது. அதன்பின் திரையில் படம் ஓடுவதில்லை. செய்தித்தாளில் வரும் புள்ளிபுள்ளியான நிழற்படங்கள்போல் அசையாப் படங்களே தொடர்கின்றன. இறைச்சிக் கொக்கிகளால் அவன் உடல் இழுத்துச் செல்லப்பட்டு எரியூட்டப்படுகின்றது. அசையாப் படம் மலிவானது என்பது உண்மை. ஆனால் அக்காட்சியைக் காண்போர்க்கு அந்நினைவு எழுவதேயில்லை.

படம் முடிந்தபின் ரொமேரோவும் ஸ்ட்ரைனரும் பிரதியை வண்டியின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு நியூயார்க் நோக்கிப் புறப்பட்டனர். அது 1968 ஏப்ரல் 4ஆம் நாள் இரவு. வழியில் வானொலியில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டனர். கறுப்பின மனிதர் சுடப்படுவதில் முடியும் படம் பின்பெட்டியில் கிடக்க, முன்னிருக்கையில் அச்செய்தியைக் கேட்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாம் நினையாத பொருளைக் காலம் தம் படத்திற்குத் தந்துவிட்டது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்தனர்.

பெரிய நிறுவனங்கள் படத்தை ஏற்கவில்லை. மகிழ்ச்சியான முடிவாக மாற்றித் தந்தால் வாங்குவதாக ஒரு நிறுவனம் கூறியது என்பர், குழுவினர் மாற்றவில்லை. கடைசியில் வால்டர் ரீட் என்னும் விநியோக நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1968 அக்டோபர் 1ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில் படம் வெளியாயிற்று. அமெரிக்காவில் படங்களுக்கு வயது வரம்பு குறிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது அதற்கு ஒரு திங்கள் கழித்து, நவம்பரில். ஆதலின் பிற்பகற் காட்சிகளுக்குச் சிறுவரும் தனியே வந்து அமர்ந்தனர். சிகாகோவின் திறனாய்வாளர் ராஜர் ஈபர்ட், 1969 சனவரியில் எழுதிய கட்டுரையில், அரங்கில் அச்சத்தால் உறைந்து அழுத குழந்தைகளையே பெரிதும் விவரித்தார். படத்தைவிடக் குழந்தைகளை உள்ளேவிட்டவர்மீதே அவர் சினம் பாய்ந்தது. அச்சினம் நியாயமானது என்றே நாமும் கருதுகின்றோம். கலைஞனின் உரிமை வேறு, குழந்தையின் கண் வேறு.

இனி இழப்பின் கதைக்கு வருவோம். படத்திற்கு முதலில் 'நைட் ஆஃப் அனுபிஸ்' என்றும், பின்னர் ஊன் தின்போரின் இரவு எனப் பொருள்படும் வேறொரு பெயரும் இட்டிருந்தனர். அப்பெயரை ஒத்த படம் முன்பே ஒன்று வந்திருந்தமையால் விநியோக நிறுவனம் பெயரை மாற்றிற்று. பெயர் இருந்த அட்டையை நீக்கிப் புதிய அட்டையைச் சேர்த்தனர். பழைய அட்டையின் அடியில்தான் பதிப்புரிமைக் குறிப்பு இருந்தது. புதிய அட்டையில் அதனைச் சேர்க்க மறந்தனர். அன்று அமெரிக்காவில் நிலவிய 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்புரிமைக் குறிப்பின்றி வெளியிடப்பட்ட படைப்பு பொதுச்சொத்தாகிவிடும். ஒரு வரி விடுபட்டது. படம் கைவிட்டுப் போயிற்று.

அதன்பின் யார் வேண்டுமாயினும் அதனைப் படியெடுத்து விற்றனர். தொலைக்காட்சிகள் கட்டணமின்றி ஒளிபரப்பின. ஒளிநாடா வந்தபோது எண்ணற்ற நிறுவனங்கள் மங்கிய படிகளை விற்றுப் பொருளீட்டின. 1986இல் ஒரு நிறுவனம் அதற்கு வண்ணமும் பூசிற்று. அரங்குகளில் வந்த வருவாயில் தமக்குரியது வரவில்லை என்று படக்குழுவினர் விநியோக நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். உரிய பணம் கைக்கு வருமுன் அந்நிறுவனம் நொடித்துப் போயிற்று. 1990இல் அதே கதையை வண்ணத்தில் மீண்டும் எடுத்தமைக்கு, இழந்ததில் ஓரளவேனும் மீட்கலாம் என்னும் எண்ணமும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் 1989 மார்ச் முதல் வெளியாகும் படைப்புகளுக்கு இக்குறிப்புக் கட்டாயமன்று. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் குறிப்பையோ பதிவையோ நிபந்தனையாக்கவில்லை. திரைப்படத்திற்கு வெளியீட்டின் பின் 60 ஆண்டுகள் காப்புண்டு. ஆயினும் பெயரையும் ஆண்டையும் தலைப்பில் பொறித்துவைப்பதால் மாணவர்க்கு நட்டம் ஏதும் இல்லை. யார் எத்தனை பங்கு என்பதையும் படம் தொடங்குமுன் தாளில் எழுதிக் கையொப்பம் இடுவது நன்று. நட்பு கெடாதிருக்க அதுவே வழி.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். யாரும் காட்டலாம் என்றிருந்தமையால்தான் இப்படம் எங்கும் பரவிற்று. நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியிலும் தலைமுறை தலைமுறையாகக் காணப்பட்டது. ஆக்கியோரின் இழப்பே படத்தின் வாழ்வாயிற்று எனலாம். இதனை அவர்களிடம் ஆறுதலாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

1999இல் அமெரிக்க நூலகப் பேரவை காக்கத்தக்க படங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. அந்நாட்டு நவீனக் கலைக் காட்சியகம், மூல நெகடிவ்விலிருந்து படத்தைச் செப்பம் செய்து 2016இல் திரையிட்டது. கறைபடிந்த படிகளையே கண்டு பழகியோர், அவ்வீட்டின் இருளும் மரப்பலகைகளின் வரிகளும் எவ்வளவு நுணுக்கமாக ஒளிப்பதிவு செய்யப்பட்டிருந்தன என்பதை அன்றுதான் கண்டனர். ரொமேரோ 2017 சூலைத் திங்களில் காலமானார். 2018இல் செப்பம் செய்த பதிப்பு விற்பனைக்கு வந்தபோது, அதனுடன் படத்தொகுப்பு நிலையில் இருந்த பழைய பிரதி ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. அதில் இருந்தது 'நைட் ஆஃப் அனுபிஸ்' என்னும் முதற்பெயர்.